பவுனின் இடது முன்னங்கால்

லாயத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். குளம்புக்கு அளவு எடுப்பது எப்படி? அதைச் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றவன், எனக்கு எதைச் சொல்லப் பிடிக்கிறதோ அதைத்தான் சொல்வேன். அளவில் நூலிழை பிசகாமல் லாடம் அடித்து, ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தவன் நான். அந்த வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். அன்றைக்குச் சங்கரன்கோவிலே சிரித்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு வேப்ப மரத்தடியில் என் பட்டறை. வேலை முழுக்க மாட்டு லாடம். இளையரசனேந்தல் பக்கமிருந்து பருத்திப் பொதி ஏற்றி வரும் வண்டிகள் என் மரத்தடியில் நின்றுதான் போகும். மாட்டுக்கு லாடம் அடிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காலில் கயிறு போட்டு ஒரு சுண்டு சுண்டினால் மாடு பொத்தென்று விழும். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, வண்டிக்காரரைக் கழுத்துப் பக்கம் அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மளமளவென்று அடித்து முடிக்க வேண்டியதுதான். கட்டை அவிழ்த்ததும் மாடு எழுந்து போய்விடும். அது எப்படிப் போகிறது என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. அதற்குள் அடுத்த மாடு விழுந்திருக்கும். ஏழு வருடம் இப்படியே போனதில், மாடு என்றாலே படுத்துக்கொண்டு முறைக்கிற ஒரு பிராணி என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது.

ஊரில் ஏழு ஜட்கா வண்டிகள் இருந்தன. ரயிலை விட்டு இறங்குகிறவர்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவதும், திரும்பக் கூட்டிவருவதும் அவற்றின் வேலை. அந்தக் குதிரைகளுக்கு லாடம் அடித்துவந்தவர் ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு சிவகிரியில் மாமனார் வீட்டோடு போய்விட்டார். ஜட்காக்காரர்கள் என்னிடம் வந்தார்கள்.

"ஆசாரி, குதிரைக்கு லாடம் அடிப்பீரா?"

"அதுக்கும் நாலு காலுதான வே?" என்றேன்.

இந்த ஒரு பதிலுக்காகவே பின்னால் எனக்கு நடந்ததெல்லாம் தகும்.

முதலில் வந்தவர் மைதீன் பாய். ஐம்பது வயதிருக்கும். எப்போதும் வலப்பக்கமாகச் சாய்ந்தே நிற்பார். பேசும்போதும் சாய்ந்துதான் பேசுவார். தொழுகை முடித்து வரும்போதும் சாய்ந்துதான் வருவார். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். அவருடைய குதிரை பவுனு, வைக்கோல் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. அதன் இடது முன்னங்கால் குளம்பு உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். நடக்கும்போது அந்தக் காலை மட்டும் வெளியே வீசி, அரை வட்டம் போட்டு, பிறகுதான் தரையில் வைக்கும்.

"ஆசாரி, வர்ற வெள்ளிக்கிழமை லைசென்சு ஆபீசர் வாராரு" என்றார் பாய். "புது ஆளு. தரையில சுண்ணாம்புக் கோடு போட்டு, குதிரை அது மேலேயே நேரா நடக்கணுமாம். கோணக்காலுன்னா லைசென்சு ரத்தாம். போன ஊருல எல்லாம் அதத்தான் செய்துட்டு வாராராம்."

"பவுனு கோட்டுல நடக்காதா?"

"மூணு காலு கோட்டுல நடக்கும். இடது காலு பக்கத்துத் தெருவுல நடக்கும்." அவர் சிரிக்கவில்லை. "ஏலே மக்கா, பதினாறு வயசுல இந்த வண்டியில ஏறுனேன். எனக்கு வேற தொழிலு தெரியாது. வீட்டுல ஆறு பேரு இருக்கோம். எப்படியாவது அந்தக் கால நேராக்கிக் குடுத்துரு."

"இம்புட்டுத்தான? நேராக்கிருவோம் பாய்" என்றேன். எனக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. கோணலாக இருப்பதை நேராக்கத்தானே கொல்லன் இருக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவுனைக் கொண்டுவந்தார். அன்றைக்கு எனக்கு மாட்டுக் கூட்டம். ஆறு மாடுகளுக்குப் பின்னால் பவுனும் வரிசையில் நின்றது. ஒவ்வொரு மாடாகக் கயிறு போட்டேன், ஒவ்வொன்றாக விழுந்தது. இதையெல்லாம் பவுனு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முறை வந்தது. நான் கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பவுனு பெருமூச்சு விட்டு, முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, தானாகவே படுத்துக்கொண்டது. நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்து என் பக்கம் நீட்டவும் செய்தது.

மரத்தடியில் இருந்த வண்டிக்காரர்கள் எல்லாம் கைதட்டினார்கள். என் கைராசிக்குக் குதிரையே கொடுத்த மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். பாய்தான் முகம் சுளித்தார். "குதிரைய நிக்க வச்சுல்லா அடிப்பாக?" என்றார். "படுத்தாத்தான் எனக்குக் காலு தெரியும்" என்றேன். பாதி வேலையில் பவுனு தூங்கிவிட்டது. அதன் குறட்டை கலைந்துவிடக் கூடாதே என்று நான் சுத்தியலைக்கூட மெதுவாகத்தான் போட்டேன்.

பழைய லாடத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் ஒடுங்கியும், நசுங்கின தட்டு மாதிரி இருந்தது. சிவகிரிக்குப் போன மனிதருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது போலும் என்று பரிதாபப்பட்டேன். குளம்பின் உள்பக்கத்தைச் சீவி இறக்கினேன். நாலு காலுக்கும் ஒரே அளவில், இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி லாடம் செய்து, நுனி நேராகப் பார்க்கும்படி ஆணி அடித்தேன். பவுனை எழுப்பி நடக்கவிட்டார் பாய். அது நேரே போய் நேரே திரும்பி வந்தது. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா உன்ன நல்லா வைப்பான்லே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நானும் கலங்கினேன், என் திறமையை நினைத்து.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஜட்கா காபி கிளப்புக்குள் நுழைந்தது.

விஷயம் இதுதான். பதினோரு வருடமாகப் பவுனு காலை வீசி வீசி, கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கித்தான் போகும். அதைச் சரிக்கட்ட பாய் வலது கடிவாள வாரைக் குறுக்கிக் கட்டியிருந்தார். வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தே அவர் உடம்பு அப்படி ஆகிப்போயிருந்தது. வண்டிச் சட்டமும் வலப்பக்கம் இறங்கியிருந்தது. தினமும் அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போகும் அன்னத்தாய் டீச்சர்கூட வலது மூலையில்தான் உட்காருவார். குதிரை, வண்டி, வண்டிக்காரர், டீச்சர் எல்லாரும் சேர்ந்து போட்ட கணக்கில் அந்த ஜட்கா பதினோரு வருடமாக நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் குதிரையை மட்டும் நேராக்கிவிட்டேன். மிச்சம் எல்லாம் வலப்பக்கம் இழுத்தது. வலப்பக்கம் காபி கிளப் இருந்தது.

பவுனு ஒரு பெஞ்சை நகர்த்திவிட்டு இட்லித் தட்டுக்கு எதிரில் நின்றதாம். வண்டியின் பின்பாதி ரோட்டில் கிடக்க, முன்பாதியில் பாய் விட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கிளப்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்து, "என்ன சாப்பிடுதிய டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். பாவம், பழக்க தோஷம். டீச்சர் என்ன பதில் சொன்னார் என்பதை நான் இங்கே சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை வெற்றிலைக் கடை. அது திரும்பி வரும்போது வலப்பக்கம் இருக்கிற கடை. புதன்கிழமை யாருடைய கடைக்குள்ளும் போகவில்லை, ஏனென்றால் பவுனு ஸ்டாண்டை விட்டு நகரவே யோசித்தது. இடது முன்னங்காலை ஊன்றினால் உடனே தூக்கிக்கொண்டது. மூட்டில் கை வைத்தால் சுட்டது. நொண்டி நொண்டித்தான் டீச்சரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அன்று மாலை டீச்சர் குடையும் கையுமாக என் பட்டறைக்கு வந்தார். அவர் பாட்டுக்கு என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கேள்வி கேட்டார்.

"ஆசாரி, பவுனு நடந்து நீ பாத்திருக்கியா?"

"லாடம் அடிச்சதும் பாத்தேன் டீச்சர். நேரா நடந்துச்சு."

"அதுக்கு முந்தி?"

நான் சுத்தியலை எடுத்துத் துடைத்தேன்.

"படுத்துக் கெடந்த குதிரையப் பாத்துட்டு நடக்குததுக்கு லாடம் அடிச்சிருக்க. எங்கிட்ட படிக்கிற ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகூட இதச் செய்யாது. நாளைக்கு அந்தக் குதிரைக்குப் பின்னாலேயே நட. ஸ்டேஷனுக்குப் போனா ஸ்டேஷனுக்குப் போ. கோயிலுக்குப் போனா கோயிலுக்குப் போ. காலத் தவிர வேற எதையும் பாக்காத."

வியாழக்கிழமை நடந்தேன். முதலில் என் லாடத்தோடு. பவுனு நொண்டிக்கொண்டே முன்னால் போக, நான் குனிந்தபடி பின்னால் போனேன். ரத வீதியில் சிரிக்காத ஆள் இல்லை. "என்ன ஆசாரி, பட்டறைய மூடிட்டு சாணி பொறுக்க எறங்கிட்டீரா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் மனமிரங்கி ஒரு கூடையைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டேன். கூடை இல்லாமல் குதிரைக்குப் பின்னால் போகிறவனைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். கூடை இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. இது உங்களுக்கும் என்றாவது உதவும்.

பிறகு பாயிடம் சொல்லி அந்த லாடத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மெதுவாகப் புழுதியில் நடக்கவிட்டேன். அப்போதுதான் ஒரு குதிரை நடப்பதை என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். பவுனின் கால் தோளிலிருந்தே அப்படி வளர்ந்திருந்தது. குளம்பு கோணல் இல்லை, கால் முழுவதும் ஒரு தினுசாக இருந்தது, குளம்பு அதற்கு ஒத்துப்போயிருந்தது. வீசி வந்து, வெளி ஓரத்தை முதலில் ஊன்றி, பிறகு முழுப் பாதத்தையும் அமர்த்தியது. புழுதியில் பார்த்தால் வெளி ஓரம் ஆழமாகவும் உள் ஓரம் லேசாகவும் பதிந்திருந்தது. அந்த நசுங்கின தட்டு எதற்கு அப்படி இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. சிவகிரிக்காரருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. குருடன் நான்தான். நான் குளம்பை மட்டும் திருப்பி ஆணி அடித்ததில், ஒவ்வோர் அடிக்கும் பவுனின் மூட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. நான்கு நாளாக அந்த வலியோடு அது வண்டி இழுத்திருக்கிறது. எனக்கு அங்கேயே தெருவில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. கையில் கூடை வேறு.

மதியம் பாயும் நானும் மரத்தடியில் உட்கார்ந்தோம். மறுநாள் காலை ஆபீசர் வருகிறார். என் நேர் லாடத்தை மறுபடி அடித்தால் பவுனு நொண்டும், நொண்டிக் குதிரைக்கு லைசென்சு கிடையாது. அதன் காலுக்கு ஏற்றபடி அடித்தால் நொண்டாது, ஆனால் காலை வீசும், கோணக் குதிரைக்கும் லைசென்சு கிடையாது.

"ரெண்டுல எது பாய்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய்ப் பவுனின் மூட்டைத் தடவினார். "லைசென்சு போனா நானும் எம் பிள்ளைகளும் கஷ்டப்படுவோம். அது எங்க பாடு. பவுனு நொண்டுதத என்னால பாக்க முடியலலே" என்றார். பிறகு, "நீயே பாத்துச் செய்யி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு இப்போது வயது எழுபது தாண்டிவிட்டது. எத்தனையோ பெரிய குதிரைகளுக்கு அடித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மதியம் செய்த லாடத்துக்குப் பட்ட பாடு வேறு எதற்கும் பட்டதில்லை. வெளிப்பக்கத்தை அகலமாக விட்டேன். கால் ஊன்றுகிற ஓரத்தில் இரும்பு கொஞ்சம் வெளியே நீண்டு தாங்கும்படி வளைத்தேன். உள்பக்கத்தை ஒடுக்கினேன். ஒவ்வொரு தடவையும் காலில் வைத்துப் பார்த்து, நடக்கவிட்டு, மறுபடி உலையில் போட்டேன். இந்தத் தடவை பவுனை நிற்க வைத்துத்தான் அடித்தேன். அது படுக்கத்தான் பார்த்தது. பாயும் நானும் தோளைக் கொடுத்து நிறுத்தினோம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்டேஷன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு தயாராக இருந்தது. நூல் பிடித்து, நாற்பது அடி நீளத்துக்கு, பளிச்சென்று போட்டிருந்தார்கள். ஆபீசர் ஒல்லியான மனிதர். அரைக்கால் சட்டை, பளபளக்கும் பூட்ஸ், கக்கத்தில் ஒரு தடிப் புத்தகம். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தப்பே செய்யக்கூடாது என்று பயந்து பயந்து வாழ்கிற மனிதர் என்று எனக்குப் பட்டது.

முதல் குதிரை கோட்டைப் பார்த்ததும் மிரண்டு தாண்டிக் குதித்தது. ஆபீசர் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். மறுபடி தாண்டியது. இரண்டாவது குதிரை குனிந்து கோட்டை நக்கியது. இரண்டு முழம் கோடு காணாமல் போய்விட்டதால், ஆபீசரோடு வந்த சேவகர் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு கொண்டுவந்து மறுபடி போட்டார். மூன்றாவது குதிரை நடுக்கோட்டில் நின்று, நிதானமாக, கோட்டை அழித்தது. எப்படி அழித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சேவகர் மறுபடி ஓடினார். இப்படியாக ஒரு மணி நேரத்தில் ஆறு குதிரைகளும் எப்படியோ தேறின.

கடைசியில் பவுனு. பாய் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். பவுனு மிரளவில்லை, நக்கவில்லை, நொண்டவும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு சுகமாக நடந்தது. மூன்று கால் கோட்டை ஒட்டியே போக, இடது முன்னங்கால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வீச்சு வீசி, சுண்ணாம்பைக் கிளப்பி, ஆபீசரின் பூட்ஸ் மேல் தூவிக்கொண்டே போனது.

ஆபீசர் பேனா மூடியைக் கழற்றினார். "கோணல். கோட்டில் நடக்கவில்லை. ரத்து செய்ய வேண்டியதுதான்" என்றார். பாய் கயிற்றைப் பிடித்தபடியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த லாடம் என் கை செய்த வேலை. சும்மா நிற்க முடியவில்லை. "அய்யா, அது நொண்டுதா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"தடுமாறுதா?"

"இல்லை. ஆனால் கோட்டில் நடக்கவில்லையே?"

"கோட்டுல யாரு அய்யா நடப்பா? நீங்க நடந்து காட்டுங்க."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.  ஆபீசர் என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். "சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைச் சேவகரிடம் கொடுத்து, கோட்டில் ஏறி நடந்தார். ஒவ்வோர் அடியையும் கவனமாக வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். கடைசியில் திரும்பிப் பார்த்தார். பூட்ஸ் தடம் இரண்டும் ஆளுக்கொரு திசை காட்டின. வலது கால் ராஜபாளையம் ரோட்டைப் பார்த்தது.

அவர் விடுகிற ஆள் இல்லை. சேவகரை நடக்கச் சொன்னார். சேவகரின் தடம் பாதியில் கோட்டை விட்டுப் பிரிந்து போய்விட்டது. காபி கிளப்காரர் நடந்தார். டீச்சர் குடையை ஊன்றி நடந்து, "இந்தக் கோடுதான் கோணல்" என்று தீர்ப்புச் சொன்னார். பாய் மூன்றே அடியில் வலப்பக்கம் ஒதுங்கி மைதானத்து வேலிக்குப் போனார். ரயிலுக்கு வந்தவர்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நடந்தார்கள். அத்தனை பேரிலும் இம்மி பிசகாமல் கோட்டில் நடந்தவர் ஒரே ஒருவர்தான். மதுவிலக்கு வந்த பிறகும் குடியை விடாதவர். போலீஸ்காரர் முன்னால் நேராக நடந்து காட்டியே பழகியிருந்தார்.

ஆபீசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆறு குதிரைக்கும் கொடுத்தாகிவிட்டது. இந்தக் குதிரைக்கு மாலையில் முடிவு சொல்கிறேன். அந்த லாடத்தைப் பட்டறையில் வைத்துப் பார்க்க வேண்டும்" என்றார்.

மாலை நாலரை மணிக்கு வந்தார். பாயும் பவுனும் அதற்கு முன்பே வந்து நின்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு டீச்சரும் வந்து வண்டியில் தன் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஆபீசர் பவுனின் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு பக்கம் ஏன் அகலம், ஒரு பக்கம் ஏன் ஒடுக்கம் என்று கேட்டார். நான் செய்த தப்பிலிருந்து தொடங்கி, காபி கிளப், மூட்டு வலி, கூடை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. என் மரக்கட்டை மேல் உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வலது காலைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு இருபது வருடமாக முட்டி வலி" என்றார் மெதுவாக. "பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் என் காலை நேராக வைக்கச் சொல்லி அடிப்பார். அதிலிருந்து நேராகத்தான் வைக்கிறேன். பூட்ஸுக்குள்ளேயும் பாதம் திரும்பாமல் இருக்கத் தோலில் ஒரு முட்டு தைத்துப் போட்டிருக்கிறேன். அப்படியும் காலையில் பார்த்தாயே, எப்படிப் போகிறது என்று. நீ இரும்பிலேயே ஒரு முட்டு வைத்து இதை நேராக்கிக் கொடுத்துவிடு."

பாய் என் பின்னால் வந்து விலாவில் நறுக்கென்று கிள்ளினார். "சரின்னு சொல்லுலே" என்று காதில் முனகினார். "எல்லாம் அவரு கையில இருக்கு."

எனக்கு அது தெரியாதா? லைசென்சு புத்தகம் ஆபீசரின் மடியில்தான் இருந்தது. ஓர் இரும்புத் துண்டை வைத்துக் கொடுத்துவிட்டால் மனிதர் சந்தோஷமாகப் போய்விடுவார், பாயின் வீட்டில் ஆறு பேரும் சாப்பிடுவார்கள். அவருக்கு முட்டி வலித்தாலும் வேறு ஊருக்குப் போன பிறகு வலிக்கட்டும். ஆனால் போன வாரமும் இதே மரத்தடியில் இதே வார்த்தையைத்தான் கேட்டேன், நேராக்கிக் கொடு என்று. அதற்கு நான் சரி என்று சொன்னதன் பலனை முந்தின நாள் தெருவெல்லாம் நடந்து பார்த்துவிட்டேன்.

"நேராக்க மாட்டேன் அய்யா" என்றேன். "முட்டி போயிரும்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கால எறக்கி வைங்க. முதல்ல நடந்து காட்டுங்க. கோட்டுல இல்ல, உங்க இஷ்டத்துக்கு."

ஆபீசருக்கு இஷ்டத்துக்கு நடக்கத் தெரியவில்லை. இரண்டு அடி வைப்பார், பாதத்தைத் திருப்பி நேராக்குவார். "கீழ பாக்காதிய சார்!" என்று டீச்சர் வண்டியிலிருந்து அதட்டினார். டீச்சர் குரலுக்கு அவர் உடம்பே பயந்து நிமிர்ந்தது. பவுனைப் பக்கத்தில் நடக்கவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொன்னேன். குதிரையும் ஆபீசருமாக மரத்தடியிலிருந்து ரோடு வரை போய்ப் போய் வந்தார்கள். நாலாவது நடையில்தான் அவர் கால் அவருடைய கால் ஆனது. இரண்டு பாதமும் அகலமாக விரிந்து, வலது இன்னும் கொஞ்சம் அதிகமாக விரிந்து, தாரா வாத்தைப் போல நடந்தார்.

பூட்ஸைக் கழற்றச் சொல்லி வாங்கினேன். உள்ளே இருந்த தோல் முட்டைக் கத்தியால் அறுத்துப் பிடுங்கித் தூரப் போட்டேன். குதிகாலில் தேய்ந்திருந்த ஓரத்துக்கு மட்டும் ஒரு துண்டுத் தோலை வைத்து ஆணி அடித்தேன். அவ்வளவுதான் வேலை. அவர் மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு சுற்று நடந்தார். இன்னொரு சுற்று நடந்தார்.  முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பட்டறைக் கல்லின் மேல் புத்தகத்தை விரித்து எழுத ஆரம்பித்தார்.

எனக்கும் பாய்க்கும் இங்கிலீஷ் தெரியாது. டீச்சர் வண்டியை விட்டு இறங்கி வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எங்களுக்குச் சொன்னார். மற்ற ஆறு குதிரைகளுக்கும் நடை என்ற இடத்தில் 'நேர்' என்று எழுதியிருந்ததாம். பவுனுக்கு மட்டும் 'அதன் சொந்த நடை' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்ததாம். லைசென்சு ஒரு வருடத்துக்குச் செல்லும்.

பாய் அழுதுவிட்டார். பவுனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், டீச்சர் குடையை நீட்டித் தள்ளி நின்றுகொண்டதால் அவர் மட்டும் தப்பினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வண்டியில் மெத்தையைத் தட்டிப் போட்டார்.

"அய்யா, வாங்க. முத சவாரி உங்களத்தான் ஏத்தணும். டீச்சர் வலது பக்கம் இருக்காக, நீங்களும் கொஞ்சம் வலது பக்கமா உக்காந்துக்கிடுங்க. நீங்க தங்கியிருக்க பங்களாவுல கொண்டு விட்டுருதேன்."

ஆபீசர் வண்டியைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார்.

"வேண்டாம் பாய்" என்றார். "நடந்தே போகிறேன்."

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். ஸ்டேஷன் ரோட்டின் நட்டநடுவில், இரண்டு பாதத்தையும் விரித்துப் போட்டு, தலை நிமிர்ந்து, கையை வீசிக்கொண்டு போனார். எதிரே வந்த பருத்தி வண்டிகள் அவருக்கு ஒதுங்கி வழி விட்டன. ஒரு தடவைகூட அவர் கீழே குனிந்து பார்க்கவில்லை. அவர் வளைவில் திரும்பி மறையும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாய் என் பக்கம் திரும்பினார்.

"லைசென்ச வாங்கித் தந்துட்டு, வந்த சவாரிய நடக்க வச்சு அனுப்பிட்டியேலே!"